வளைக்குள் பிறந்த பெயர்

டெரியர் என்றால் அது ஒரு நாய்ச் சாதி என்றே இன்று எல்லாரும் கொள்கிறோம். அந்தச் சொல் பிறந்தபோது சாதிப் பெயராக இல்லை, வேலையின் பெயராக இருந்தது. மண்ணைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கிளைத்து, மண்ணுக்குள் நுழையும் நாய் என்ற பொருளோடு ஆங்கிலத்துக்கு வந்தது. எலிவளை, நண்டுவளை என்று பேசுகிற நமக்கு அதை வளைநாய் என்று சொல்லிவிட்டால் போதும், பாதி வரலாறு விளங்கிவிடும். குயவர், கொல்லர் என்பதுபோல் கையும் காலும் செய்கிற தொழிலால் வந்த பெயர் அது. தொழில் மறைந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. நின்ற பெயரை ரத்தத்தின் முத்திரையாகப் படிக்கத் தொடங்கியதிலிருந்துதான் குழப்பம் பிறந்தது என்பது என் வாதம். அந்தக் குழப்பத்தைக் காண இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. மலேசியாவில் ஈயலம்பமும் பால்மரக்காடும் புதுக்கிராமமுமாக இருந்து நகராகிப்போன ஸ்ரீ கெம்பாங்கானிலேயே காணலாம். இங்கே குடியிருக்கும் ஒருவர் புல் டெரியர் ஒன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர விரும்பினால், அது கட்டுப்படுத்தப்பட்ட இனம் என்று கால்நடை சேவை இலாகா சொல்லும். பிட்புல் டெரியரையோ ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியரையோ கேட்டால், அறவே தடை. அதே தெருவில் தலைமுறை தலைமுறையாக எலியையும் பாம்பையும் விரட்டி வந்த நாய்க்கோ எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை.

வளைநாயைப் பற்றிய பழைய குறிப்புகளில் முக்கியமானது கேம்பிரிட்ஜ் மருத்துவர் ஜான் கேயஸ் 1570இல் லத்தீனில் எழுதிய சிறுநூலில் வருகிறது. சுவிட்சர்லாந்து இயற்கை ஆய்வாளர் கான்ராட் கெஸ்னருக்கு உதவியாகப் பிரித்தானிய நாய்களை அவர் வகைப்படுத்தினார். அந்த வகைப்பாட்டில் நிறமோ காதின் வடிவமோ தலைமையாக நிற்கவில்லை. மோப்பம் பிடிப்பவை, ஓடிப் பிடிப்பவை, காவல் காப்பவை என்று வேலையே நின்றது. நரியையும் வளைக்கரடியையும் துரத்திக்கொண்டு மண்ணுக்குள் ஊர்ந்து போகும் நாயை அவர் டெரியர் என்று வைத்தது அந்த வரிசையில்தான். இதே வேலைக்கு ஜெர்மானியர் தனியாக ஒரு நாயை உருவாக்கினார்கள். அதற்கு வைத்த பெயர் டாக்ஸ்ஹண்ட், அதாவது வளைக்கரடி நாய். வேலை ஒன்று, வளை ஒன்று, பகை விலங்கும் ஒன்று. ஆனாலும் இன்றைய நாய்ச் சங்கங்களின் ஏட்டில் டாக்ஸ்ஹண்ட் டெரியர் அணியில் இல்லை. ஏர்டேல் என்னும் பெரிய நாய், எந்த நரிவளைக்குள்ளும் தோளை நுழைக்க முடியாத உருவத்தோடு, டெரியர் அணியில் நிமிர்ந்து நிற்கிறது.

டெரியரின் குணங்கள் என்று எல்லாரும் ஒப்புவிப்பதை வளையின் வாயிலில் நின்று பார்க்க வேண்டும். பிடிவாதம், ஓயாத குரைப்பு, சொல்பேச்சுக் கேளாமை, தன்னிலும் பெரிதைக் கண்டு அஞ்சாமை என்று வீட்டுக்காரர் குறைபட்டுக்கொள்ளும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கூலிக்குரிய திறமையாக இருந்தது. நிலத்துக்கு அடியில், இருட்டில், எசமானின் கண்ணும் கையும் எட்டாத இடத்தில் அந்த நாய் தனியாக முடிவெடுக்க வேண்டும். கட்டளைக்குக் காத்திருக்கும் நாய் அங்கே பயன்படாது. மேலே மண்வெட்டியோடு நிற்பவருக்கு எந்த இடத்தில் தோண்டுவது என்று தெரிய வேண்டுமானால் உள்ளிருந்து குரல் விடாமல் வர வேண்டும். நெஞ்சுக்கூடு அகன்றால் வளையில் சிக்கிச் சாகும், ஆகவே இரண்டு கைவிரல்களின் வட்டத்துக்குள் அடங்குகிறதா என்று நெஞ்சைப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் வந்தது. சொரசொரப்பான மயிர் முள்ளுக்கும் ஈரத்துக்கும் கவசம். உறுதியான வால், சிக்கிய நாயைப் பிடித்து வெளியே இழுக்க உதவும் கைப்பிடி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த ஜான் ரஸல் 1819இல் ஒரு பால்காரரிடம் 'டிரம்ப்' என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கியதிலிருந்து ஜாக் ரஸல் வழியின் கதையைச் சொல்வார்கள். பின்னாளில் பாதிரியாரான அவர் தேடியது நரியைக் கொல்லும் நாயை அல்ல. நரியை வெளியே கிளப்பிவிட்டு, மேலே நிற்கும் வேட்டை நாய்களுக்கு ஓட்டத்தைக் கொடுக்கும் நாயைத்தான். கடிக்கும் வெறியைக் கொஞ்சம் அடக்கி, குரைக்கும் துணிவை மிகுத்த அளவு அது. குணம் என்று நாம் சொல்வது இங்கே ஒரு வேலைக்கான அளவுக் குறிப்பு.

நரி வேட்டை நிலக்கிழார்களுடையது. டெரியரின் கதையில் வளமான பகுதி தொழிலாளர்களுடையது, நான் அதில்தான் கூடுதல் நேரம் நிற்க விரும்புகிறேன். வட இங்கிலாந்தில் பெட்லிங்டன் என்னும் ஊரில் ஜோசப் ஐன்ஸ்லி என்ற கொத்தனார் 1825 வாக்கில் தன் நாய்க்கு ஊர்ப்பெயரைச் சூட்டினார். ஆணி அடிப்பவர்களும் நிலக்கரிச் சுரங்கத்தாரும் வளர்த்த நாய் அது. பார்க்க ஆட்டுக்குட்டி, எலியைக் கண்டால் வேறு பிறவி. ஸ்காட்லாந்திலிருந்து யார்க்ஷயர் ஆலைகளுக்குப் பிழைக்கப் போன நெசவாளர்கள் தங்கள் சிறிய நாய்களையும் கூடவே கொண்டு போனார்கள். பஞ்சும் கம்பளியும் குவிந்த ஆலைகளில் எலிக்குக் குறைவில்லை. அந்த நாய்களின் வழியில் வந்ததுதான் இன்று பட்டுக்கயிறு கட்டி மடியில் தூக்கிச் செல்லப்படும் யார்க்ஷயர் டெரியர். ஏர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் டெரியரை நீர்நாய் வேட்டை நாயோடு சேர்த்து, ஆற்றங்கரைப் பெருச்சாளிகளைப் பிடிக்க ஒரு நாயை ஆக்கினார்கள். அது ஏர்டேல். பெட்லிங்டன், யார்க்ஷயர், ஏர்டேல், ஸ்கை, நார்விச், ஸ்டாஃபோர்ட்ஷயர் என்று பட்டியலைப் படித்தால் அது சுரங்கங்களும் ஆலைகளும் தீவுகளும் நிறைந்த ஒரு நிலப்படம்போல் இருக்கிறது. தென்தமிழகத்தில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று ஊரே நாயின் பெயரானதும் இதே வழியில்தான். நாயை ஆக்கியது அந்தந்த நிலம் கேட்ட வேலை.

பிறகு கண்காட்சி வந்தது. 1859இல் நியூகாசிலில் முறையான முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. வேலையைப் பார்த்துத் தேர்ந்தவர்களின் இடத்தில் அளவுகோலோடு நடுவர்கள் வந்தார்கள். வம்ச ஏடு மூடப்பட்டது, இனி உள்ளே வர ரத்தச் சான்று வேண்டும். இந்த மாற்றத்தை எல்லாரும் வரவேற்கவில்லை என்பதற்கு ஜாக் ரஸல் நாயே சாட்சி. 1974இல் தொடங்கப்பட்ட அதன் பிரித்தானியச் சங்கம், கென்னல் கிளப்பின் அங்கீகாரம் வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் போராடியது. அழகுக்குத் தேர்ந்தால் வேலை அழியும் என்பது அவர்கள் அச்சம். 2016இல்தான் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. இன்னொரு பக்கம், வளையையே பார்த்திராத நாய்க்கும் இந்தப் பெயர் கிடைத்தது. 1920களில் கான்பூரில் பணியாற்றிய மருத்துவர் ஆக்னஸ் கிரெய்க் வளர்த்துப் பரப்பிய திபெத்திய நாய்கள் மடாலயங்களிலும் மந்தைகளோடும் வாழ்ந்தவை. உருவத்தைப் பார்த்து ஐரோப்பியர் அவற்றைத் திபெத்தியன் டெரியர் என்று அழைத்தார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழர் வீடுகளில் பெயர் தெரியாமலேயே நன்கு அறிமுகமான டெரியரையும் இங்கே நினைக்கலாம். ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் இசைத்தட்டில் குழாயருகே தலைசாய்த்து உட்கார்ந்திருக்கும் நிப்பர், 1884இல் பிரிஸ்டலில் பிறந்தது. வந்தவர் காலைக் கவ்வும் பழக்கத்தால் அந்தப் பெயர். அது ஃபாக்ஸ் டெரியரா, ஜாக் ரஸலா, புல் டெரியர் கலந்ததா என்று இன்றும் வழக்கு நடக்கிறது. உலகம் முழுதும் அறிந்த டெரியருக்கே வம்சம் அறுதியாகவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஸ்ரீ கெம்பாங்கானைச் சுற்றி ஈயம் தோண்டினார்கள். உலகிலேயே பெரிய திறந்தவெளி ஈயலம்பம் என்று பேரெடுத்த ஹோங் பாட் இருந்த பள்ளம் இன்று மைன்ஸ் ஏரி. அவசரகாலத்தின்போது, 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டப்படி, மலாயா முழுவதும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். அப்படி எழுந்த செர்டாங் புதுக்கிராமமே இந்த ஊரின் கரு. சுற்றிலும் பால்மரத் தோட்டங்கள், பிறகு செம்பனை. வளை இல்லாத மண் அல்ல இது. எலி, பெருச்சாளி, அவற்றைத் தேடி வரும் நாகம், உடும்பு என எல்லாமே இருந்தன. பெட்லிங்டனில் நிலக்கரி எடுத்தவரும் இங்கே ஈயம் எடுத்தவரும் ஒரே வகைப் பிழைப்புக்காரர்கள்தான். அப்படியிருந்தும் இங்கே ஒரு செர்டாங் டெரியர் ஏன் உருவாகவில்லை? நாய் இல்லாததால் அல்ல, வேலை இல்லாததாலும் அல்ல என்பதே என் விடை. வேலையைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குக் கூகையே சிறந்த காவலாள் என்று கண்டு பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பதை மலேசியாவில் 1980களிலிருந்து பரப்பினார்கள். கூலிக்கு வந்த தமிழரின் தாயகத்திலும் இது மனிதர் கைவேலையாக இருந்தது, தமிழகத்து வயல்களில் இருளர்கள் கடப்பாரையும் புகைமூட்டும் மண்பானையும் கொண்டு எலிவளையைத் திறந்தார்கள், வளைக்குள் எலி சேர்த்த நெல்லையும் எடுத்தார்கள். தோட்டத்து லயத்திலும் புதுக்கிராமத்திலும் மீதி வேலையைத் தெருநாய் செய்தது. அதன் வம்சத்தை எழுத ஏடு திறந்தவர் இல்லை, அவ்வளவே. ஸ்காட்லாந்து நெசவாளர் நாயோடு குடிபெயர்ந்தார். கடல் கடந்து கூலிக்கு வந்த தமிழர் இங்கே கிடைத்த நாயை வளர்த்தார்.

இது வெறும் ஊகம் என்று சொல்பவருக்கு டெலோம் ஆற்றைக் காட்டலாம். பகாங்கின் அந்த ஆற்றோரத்தில் வாழும் ஓராங் அஸ்லி மக்களிடம் ஒரு சிறிய நாய் இருந்தது. தூண்மேல் கட்டிய வீடுகளுக்கு ஏணியில் தானே ஏறி இறங்கும். அவர்கள் உண்ணும் மரவள்ளிக்கிழங்கையும் மீனையும் தின்று, எலி முதலியவை வீட்டுக்குள் அண்டாமல் காக்கும். டெரியர் செய்த வேலையை, டெரியரின் ஒரு துளி ரத்தமும் இல்லாமல் செய்த நாய். மானுடவியலாளர் ஆர்வில் எலியட் 1963இல் அவற்றில் ஓர் இணையை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். ஆற்றின் பெயரால் டெலோமியன் என்று அதற்குப் பெயரும் வந்தது. அந்த நாய்கள் போய்ச் சேர்ந்த இடத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவின் பார் ஹார்பரில் நாய்களின் நடத்தையை ஆராய்ந்துகொண்டிருந்த ஜான் பால் ஸ்காட்டிடம். டெரியரின் குணம் ரத்தத்தில் இருக்கிறதா என்று முதன்முதலில் முறையாகக் கேட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் அவரிடமே இருக்கிறது, அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் ஐந்து இன நாய்க்குட்டிகளை ஒரே வகையில் வளர்த்து, 1965இல் முடிவுகளை நூலாக்கினார்கள். அந்த ஐந்தில் ஒன்று கம்பிமயிர் ஃபாக்ஸ் டெரியர். மற்ற இனக் குட்டிகள் கூட்டமாக வளர்ந்தன. டெரியர் குட்டிகளோ கூட்டாகச் சேர்ந்து உடன்பிறந்த ஒன்றைத் தாக்கின. மூன்றுக்கு மேல் ஓரிடத்தில் விட முடியாமல் பிரிக்க வேண்டியதாயிற்று. வளையையோ நரியையோ பார்த்திராத குட்டிகள் அவை. அண்மைய மரபணு ஆய்வும் துணைக்கு வருகிறது. 161 இனங்களை ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, அவற்றை 23 கிளைகளாகப் பிரித்தபோது டெரியர்களில் பெரும்பாலானவை ஒரு கொத்தாகவே அமைந்தன. ஆகவே டெரியர் என்பது பெயர் மட்டுமல்ல, மெய்யான கால்வழியும்தான் என்று ஒருவர் வாதாடலாம். நான் அதை மறுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் துணிந்த நாயையே துணிந்த நாயோடு சேர்த்தால் துணிவு ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். ஆனால் ரத்தத்தில் ஏற்றியது வேலைதான். வேலை நின்றபின் தேர்வும் நிற்கிறது, அல்லது மயிரின் நீளத்துக்கும் காதின் மடிப்புக்கும் திரும்புகிறது. அதற்குப் பிறகு பழைய குணம் ஒவ்வொரு நாயிலும் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. 18,000க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தையை உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000க்கு மேற்பட்டவற்றின் மரபணுவையும் படித்து 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இதைத்தான் காட்டுகிறது. தனி நாய்களுக்கு இடையிலான நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சராசரியாக 9 விழுக்காடு மட்டுமே. ஸ்காட்டின் குட்டிகள் ஒரு குறுகிய வம்சத்தின் குட்டிகள். ஸ்ரீ கெம்பாங்கான் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் சங்கிலியில் நிற்கும் நாய் எந்த வம்சத்தின் எத்தனையாவது பேரன் என்பதைப் பெயர் சொல்லிவிடாது.

அடுத்த எதிர்ப்பு இன்னும் கனமானது. புல் டெரியர்களும் பிட்புல்களும் வளைநாய்கள் அல்லவே, அவை சண்டைக்கென்றே ஆக்கப்பட்டவை ஆயிற்றே என்பது. வரலாறு அதை ஒப்புக்கொள்கிறது. காளையோடு பொரவிடப்பட்ட நாய்களை டெரியரோடு கலந்து உருவாக்கிய கால்வழி அது. லண்டன் களங்களில் எலிகளைக் குழியில் கொட்டி நேரம் பார்ப்பார்கள். 1823இல் பில்லி என்ற நாய் 100 எலிகளை ஐந்தரை நிமிடத்தில் கொன்றது. 1835இன் சட்டம் காளை, கரடிப் போர்களைத் தடுத்தபின் ஒளிவாக நடத்த ஏதுவான நாய்ச்சண்டை பெருகியது. அதே கால்வழியிலிருந்துதான் 1860களில் பர்மிங்காமின் ஜேம்ஸ் ஹிங்க்ஸ் வெள்ளைப் புல் டெரியரைக் கனவான்களின் தோழனாக மாற்றினார். அமெரிக்காவில் ஒரு சங்கம் 1898இல் அந்தச் சண்டை நாயைப் பிட்புல் டெரியர் என்று பதிந்தது. இன்னொரு சங்கம் 1936இல் அதே நாயை ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் என்று பதிந்தது. ஒரே நாய் இரண்டு ஏட்டில் இரண்டு பெயரோடு இருந்தது. பிரிட்டனின் 1991ஆம் ஆண்டுச் சட்டம் பிட்புல்லைத் தடுக்கிறது, அதன் உறவான ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியரைத் தடுக்கவில்லை. அங்கே அது பிள்ளைகளோடு வளரும் வீட்டு நாய். மலேசியாவின் இறக்குமதிப் பட்டியலோ இரண்டையும் ஒரே வரியில் தடுக்கிறது. இந்தியாவில் 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி வந்த சுற்றறிக்கையை டில்லி உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே ரத்து செய்தது. நாய் ஒன்றுதான், ஆபத்து எந்தப் பெயரில் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது.

கடிபட்டு உயிர் போனவர் வீட்டில் நின்று இந்த நுணுக்கத்தைப் பேசலாமா என்று கேட்பவருக்கும் விடை சொல்ல வேண்டும். பெரிய தாடையும் விடாப்பிடியும் உள்ள நாய் கடித்தால் காயம் பெரிது. அந்த வலிமையைக் கட்டுப்படுத்தச் சட்டம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எதைப் பிடித்துக் கட்டுப்படுத்துவது என்பதே கேள்வி. இதற்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1952இல் கோலாலம்பூரில் வெறிநாய்க்கடி பரவியபோது நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசி வந்தது. உரிமம் பெற்று ஊசி போட்ட நாய் பிழைத்தது, தெருவில் உரிமையாளர் இன்றித் திரிந்தவை கொல்லப்பட்டன. அந்தக் கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. பெயரில்லாத நாய்களுக்கு அது மிகக் கொடிய ஆண்டு. ஆனால் அந்த நடவடிக்கை எந்த நாயையும் உன் இனம் என்ன என்று கேட்கவில்லை. ஊசி போட்டாயிற்றா, உனக்குப் பொறுப்பாளர் உண்டா என்றே கேட்டது, நோயும் அடங்கியது. இன்றும் சுபாங் ஜெயா மாநகர் மன்றத்தின் கீழ் இருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானில் நாய் வளர்க்க உரிமம் வேண்டும். கட்டிப்போடாதவரை, வாய்ப்பூட்டு இல்லாமல் வெளியே விடுபவரை, காவலுக்கென்று நாளெல்லாம் சங்கிலியில் வைத்து நாயை வெறியேற்றுபவரைப் பிடிக்க அந்த உரிமமும் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் கையில் இருக்கின்றன. பெயரைத் தடுப்பது எளிது. வளர்ப்பவரைக் கண்காணிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அதுதான் வேலை, அதைத்தான் செய்ய வேண்டும்.

செர்டாங்கில் 1931இல் வேளாண் பள்ளியாகத் தொடங்கியது இன்றைய புத்ரா மலேசியா பல்கலைக்கழகம். நாட்டின் கால்நடை மருத்துவர்கள் அங்கே பயில்கிறார்கள், பழைய புதுக்கிராமம் அருகிலேயே இருக்கிறது. மைன்ஸ் ஏரிக்கரையிலும் கூயோ ஆற்றோரத்திலும் மோப்பம் பிடித்துத் திரியும் நாய்களின் முன்னோர் லம்பத்திலும் லயத்திலும் வளையைக் காத்தவை. ஏர் ஆற்றுத் தொழிலாளர்கள் தங்கள் நாய்க்கு ஒரு பெயர் ஈட்டிக் கொடுத்தார்கள். டெலோம் ஆற்று நாய்க்கும் ஒரு பெயர் வந்தது, அதன் வழித்தோன்றல்கள் அமெரிக்காவில் பெருகின. கூயோ ஆற்றோரத்து நாய்களின் உடலமைப்பையும் நடத்தையையும், அவற்றை வளர்த்த கிழவர்களும் கிழவிகளும் நினைவில் வைத்திருப்பதையும் எழுதிவைக்க இன்னும் காலம் இருக்கிறது. அந்தக் கிழவர்களில் பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள்.